காலையில் மட்டும் நின்றுபோகும் வண்டி

“இன்னைக்கும் படுத்துடுச்சா மாமா?”

மருமகள் கேட்டதில் கேலி இருந்ததா இல்லையா என்று பெரியவருக்குத் தெரியவில்லை. இருந்தது என்றே எடுத்துக்கொண்டார்.

கார் சாவியை மறுபடி திருகினார். இன்ஜின் இருமியது. வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி குலுங்கி, ‘டப்’ என்று அணைந்தது.

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது.

“டாட்டா தாத்தா!” பேத்தி பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதுதான் அந்த வண்டிக்கு இருந்த ஒரே வேலை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவருக்கும் அது ஒன்றுதான்.

“வண்டி சரியாகிற வரைக்கும்தான் மாமா வேன்” என்றாள் மருமகள்.

சரியானால்தானே? பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஏர் ஃபில்டரைத் தட்டினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று டேங்கையே காலி செய்து பார்த்தார். தினமும் பானெட்டுக்குள் தலையை விட்டுத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. சூடேறிவிட்டால் வண்டி சமர்த்தாக ஓடும். காலையில் குளிர்ந்து கிடக்கும்போது மட்டும் அடம்.

“குளிர்ல வர்ற கோளாறை, குளிர்ந்த இன்ஜின்லதான் சார் பிடிக்கணும்” என்றான் மெக்கானிக். “சாயங்காலம் நானே வந்து எடுத்துட்டுப் போறேன். நீங்க ஓட்டிட்டு வராதீங்க. ராத்திரி ஷெட்ல கிடக்கட்டும்.”

மறுநாள் காலை, அவர் கண்ணெதிரே சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி உறுமியது.

“அப்ப என் வீட்ல மட்டும் ஏன் தம்பி நின்னுபோகுது?”

“உங்க வீட்டுக் காத்து ஒத்துக்கலையோ என்னவோ.”

“யார்கிட்ட கதை விடறே? நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் பிடிச்சவன்யா நான்!”

மெக்கானிக் கையைத் துடைப்பதிலேயே குறியாக இருந்தான்.

வண்டி வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலை அதே இருமல், அதே ‘டப்’.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. ஷெட்டில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. எந்த வீட்டில் நிற்கிறோம் என்று இன்ஜினுக்கா தெரியும்? யாரோ கை வைக்கிறார்கள்.

யார்? வேன் ஏற்பாடு செய்தது யார்?

சே, அப்படி நினைக்கலாமா என்று கூசியது. ஆனாலும் அந்த நினைப்பு நகர மறுத்தது. கிழவன் கையில் பிள்ளையைக் கொடுக்க இஷ்டமில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

அடுத்த நாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே எழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கதவு திறந்தது. ஓர் உருவம் வந்தது. கார்க் கதவைத் திறந்து லீவரை இழுத்தது. பானெட்டைத் தூக்கிவிட்டு, பழகிய கையாக உள்ளே துழாவியது.

மருமகளேதான்!

பாய்ந்துபோய்க் கையைப் பிடித்தார். “மாட்டிக்கிட்டியா! மாமனார்கிட்டயே உன் வேலையைக் காட்டறியா?”

“கையை விடுங்க, வலிக்குது.”

குரலைக் கேட்டதும் பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றது அவர் மனைவி.

“நீயா?”

“நான்தான்.”

“இதெல்லாம் யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?”

“மெக்கானிக் தம்பிதான். நான்தான் கெஞ்சிக் கேட்டேன். இன்ஜின் சூட்டைச் சொல்ற சென்சாராம். இந்த ஒயரைக் கழட்டிட்டா குளிர்ல திணறி நின்னுடுமாம். நீங்க கண்டுபிடிச்சு மாட்டிட்டீங்களோன்னு தினமும் விடியறதுக்குள்ள வந்து பார்த்துடுவேன்.”

“கட்டின புருஷனையே கேனயனாக்கிட்டியே! தெருவே சிரிக்குது!”

“வண்டியைப் பார்த்துத்தானே சிரிக்குது? வண்டி என்ன வெட்கப்படவா போகுது?” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கண் டாக்டர்கிட்ட போகலாம்னு சொன்னப்பல்லாம் சண்டைக்கு வந்தீங்க. பையன்கிட்ட சொன்னா சாவியைப் பிடுங்கிடுவான். அன்னைக்கே நீங்க பாதி ஆளாயிடுவீங்க. அதான், கெட்டுப்போனது வண்டின்னே இருந்துட்டுப் போகட்டும்னு...”

“என் கண்ணுக்கு என்ன கேடு?”

“தினமும் உள்ளே தலையை விட்டுத் தேடினீங்களே... கழட்டின ஒயர் உங்க மூக்குக்கு நேராத்தான் தொங்கிட்டு இருந்தது.”

அவர் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது.

“கறுப்புக்குள்ள கறுப்பு ஒயர் யாருக்குடி தெரியும்? ரோட்டுல நான் எதையாவது தவறவிட்டிருக்கேனா? சொல்லு பார்ப்போம்!”

அவள் தயங்கினாள். சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“பள்ளிக்கூடத்துக்குத் திரும்பற முக்குல, சிவப்பு எரியறப்ப நிக்காம போயிடறீங்களாம். ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, சிவப்பு எரியற போதெல்லாம். அந்த இடம் வந்தாலே பேத்தி கண்ணை இறுக்கி மூடிக்குவாளாம். தாத்தா பாவம், யார்கிட்டயும் சொல்லாதே பாட்டின்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா.”

‘பொய்!’ என்று கத்த வாயைத் திறந்தார் பெரியவர். கத்தும் முன் அந்தப் பாதையை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். தெரு முனை, மருந்துக்கடை, வங்கி, அப்புறம் அந்தத் திருப்பம்...

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, ஈனஸ்வரத்தில் கேட்டார்:

“அந்த முக்குல... சிக்னல் இருக்கா?”