இரண்டு லாரி மணல்

குழாய் உடைந்தது. மாசி பிறந்து இது ஆறாவது தடவை.

கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு ஊர். பேர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு ஆள் வரும். வருஷம் அறுபத்திரண்டு. பஞ்சாயத்து புதைத்த குடிநீர்க் குழாய்க்கு வயது ஒன்றரை.

குழாய் பிட்டர் பீர் முகம்மது குழிக்குள் நின்றார். மேலே குடை பிடித்தபடி ஓவர்சீயர் சண்முகராஜ்.

“ஈயம் ஒழுங்கா ஊத்தலை பாய். அதான் உடையுது.”

“ஈயம் ஊத்தின இணைப்பு அப்படியே இருக்கு சார். குழாய்தான் நட்டநடுவில முறிஞ்சு கெடக்கு. குனிஞ்சு பாருங்க.”

ஓவர்சீயர் குனியவில்லை. கால்சட்டை புதுசு.

“கரிசல் சார் இது. மழையில உப்புது, வெயில்ல சுருங்கி வெடிக்குது. குழாயை ஒரு பக்கம் தூக்குது, ஒரு பக்கம் எறக்குது. இரும்பு எம்புட்டுத்தான் தாங்கும்? சுத்திலும் மணல் போட்டாத்தான் நிக்கும்.”

“மணல் அன்னைக்கே போட்டாச்சு. எழுதியிருக்கு.”

“குழியில காணலையே சார்?”

“ஒன்றரை வருஷம் ஆச்சுல்லா? மணலும் கரிசலா மாறியிருக்கும்.”

இதைச் சொன்னவர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவர்.

“மறுபடி மணல் கேட்டு எழுதுங்க சார்.”

“எழுதுதேன், எழுதுதேன். நீரு தெரு நெடுகத் தோண்டி எல்லா இணைப்புக்கும் புதுசா ஈயம் ஊத்தும். இன்னும் ஒரு தடவை உடைஞ்சுதுன்னா வேற வேலை பாத்துக்கிடும்.”

பீர் முகம்மது வீட்டில் ஏழு பேர். வேலை இது ஒன்றுதான். கடப்பாரையை எடுத்தார்.

தெருப் பெண்கள் குடத்தோடு பஞ்சாயத்து பிரசிடெண்டு வீட்டுக் கிணற்றுக்குப் போனார்கள். பிரசிடெண்டுக்கு எரிச்சல். பக்கத்து மனையில் அவருக்குப் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வாசலில் இரண்டு லாரி வைப்பாற்று மணல் குவிந்து கிடந்தது. அங்கேயும் மேற்பார்வை சண்முகராஜ்தான்.

“அஸ்திவாரத்துக்கு அடியில மணலை நல்லா நெரப்புங்கடே,” என்று கொத்தனார்களிடம் சொன்னார். “கரிசல் பொல்லாதது. மணல் இல்லைன்னா சுவரைப் பொளந்துரும்.”

குழாய்க் குழியிலிருந்து அந்த வீட்டுக்கு முப்பது அடி. முப்பது அடி நடந்ததில் அறிவு வந்துவிட்டது.

சித்திரை போயிற்று. வைகாசி போயிற்று. தரை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. குழாய் உடையவில்லை.

“பாய்க்கு நான் போட்ட சத்தம் அப்படி!” என்று ஓவர்சீயர் டீக்கடையில் சொன்னார்.

ஆனி முதல் வாரம் பிரசிடெண்டு வாசலில் நின்று கத்தினார்.

“பாதி மணலைக் காணோம்! பட்டப்பகல்ல எவனோ அள்ளியிருக்கான்!”

ஏட்டு வந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதமாக உடையாத குழாயே காட்டிக்கொடுத்தது. தெருவில் ஒரு இடத்தில் மண்வெட்டியால் கொத்தினார்கள். குழாயைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மணல்.

பீர் முகம்மதைக் கூப்பிட்டு வந்து பிரசிடெண்டு வாசலில் நிறுத்தினார்கள். தெருவே கூடிவிட்டது. தண்ணீர் குடித்த வாய்களே ‘திருடன்’ என்றன.

“மணல் ஏதுவே?” ஏட்டு கேட்டார்.

“வண்டியில வந்துச்சு ஏட்டையா.”

“எந்த வண்டி?”

“இந்த அஸ்திவாரத்து மண்ணை வெளியே கொண்டு தட்டுத வண்டிதான். தெனமும் காலையில ரெண்டு நடை குழிக்கு வந்துச்சு. நான் கேட்ட பொருள். போட்டு மூடினேன்.”

“யாரு அனுப்பினது?”

பீர் முகம்மது தரையைப் பார்த்தார்.

“சொல்லுதீரா, ஸ்டேஷனுக்கு வாரீரா?”

“வாரேன்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க. அந்த மணலை மட்டும் தோண்டி எடுத்துராதீங்க.”

“திமிரைப் பாத்தீரா ஏட்டு!” பிரசிடெண்டு துள்ளினார். “கையோட கூட்டிட்டுப் போம். பஞ்சாயத்து மணலைத் திருடிட்டு…”

ஓவர்சீயர் பலமாக இருமினார்.

“என் மணலைத் திருடிட்டு,” என்று பிரசிடெண்டு திருத்திக்கொண்டார்.

“கொஞ்சம் நில்லுங்க ஏட்டையா.”

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட கை ஒன்று ஒரு சீட்டை நீட்டியது.

“மணல் எறக்கின அன்னைக்கு லாரிக்காரன் குடுத்துட்டுப் போனது. சத்தமா வாசிங்க.”

ஏட்டு வாசித்தார்.

“மணல், இரண்டு லாரி. குடிநீர்க் குழாய் ரிப்பேருக்கு. பஞ்சாயத்து ஆபீஸ்.”

ஓவர்சீயர் குடையை விரித்தார். வெயில் அவ்வளவு இல்லை.

“லாரிக்காரன் எடம் தெரியாம இங்கன எறக்கிட்டான் போல,” என்றது குரல். “அவியளுக்கு ஆயிரம் சோலி, கவனிச்சிருக்க மாட்டாவ. அதான் நான் வண்டியில ஏத்தி அனுப்பினேன். பாதிதான் அனுப்ப முடிஞ்சுது. மீதி அஸ்திவாரத்துக்குள்ள போயிட்டு. தோண்டி எடுக்கச் சொல்லவா ஏட்டையா, இல்ல பாயை விடுதீங்களா?”

ஏட்டு சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பீர் முகம்மதின் தோளைத் தட்டி, “போம்வே,” என்றார்.

ஊருக்கே உத்தரவு போடுகிற பிரசிடெண்டு ஒதுங்கி நின்று பாய்க்கு வழி விட்டார். கதவுக்குப் பின்னால் நின்றது அவர் சம்சாரம், வெயிலுகந்தம்மாள்.