ஒற்றை ஸ்பீக்கர்

ஸ்டுடியோவில் ஒலிகளைக் கலக்கும் பழைய மிக்சிங் கன்சோலைப் பிரித்து, அதன் பாகங்களில் ஒரு பெட்டி செய்தால் பாட்டுக்குக் கதகதப்பு வரும் என்று இசையுலகம் நம்புகிறது. திருத்தப்பட வேண்டிய நம்பிக்கை. முதலில் வருவது கரப்பான்பூச்சி. அடுத்து வருபவர் புருஷனின் அண்ணன்.

“என்ன இன்ஜினியரம்மா, சாப்பாட்டு மேசையில பழைய இரும்புக் கடை வெச்சிருக்க?”

“சம்மிங் பாக்ஸ் மாமா. குரல் தனியா, கிதார் தனியா, தாளம் தனியா கிடக்குறதை ஒண்ணாச் சேர்க்கும்.”

“கம்ப்யூட்டர் சேர்க்காதா?”

“சேர்க்கும். ஒட்டாது.”

“குழாய் ஒட்டற பசை கடையில நிறைய இருக்கு. அனுப்பவா?”

பெரியவருக்குக் குழாய்க் கடை. அதை விட்டுவிட்டுப் பாடப் போனவன் இவள் கணவன். அவனுடைய முதல் பாட்டை, குரலும் இசையும் ஒட்டவில்லை என்று ஆடியோ கம்பெனி திருப்பிவிட்டது. இன்னொரு முறை அனுப்பலாம், அவ்வளவுதான். அதுவும் திரும்பினால் தம்பி கடைக்கே வந்துவிட வேண்டும் என்று பெரியவர் சொல்லி வைத்திருந்தார்.

அவள் விடவில்லை. மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் கன்சோலிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர்களைக் கழற்றி வந்தாள். ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்தாள்; கல்யாணத் தரகர்கூட அவ்வளவு நிதானமாக ஜோடி சேர்த்திருக்க மாட்டார். வயர்களை நிறம் பார்த்துப் பற்றவைத்தாள். விரல் சுட்டால் ஊதிக்கொண்டாள்.

பெட்டி தயாரானது. பாட்டை அதன் வழியாக விட்டுப் பதிவு செய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அத்தைமார் கைதட்டல் படங்களாக அனுப்பினார்கள். ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் நேரிலேயே வந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

“குரல் அறை முழுக்க மிதக்குது மேடம். பழைய டிரான்ஸ்ஃபார்மராலதான் இது முடியும்.”

குழுவில் ஒரு வார்த்தையும் போடாதவர் பெரியவர் மட்டும். சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

“கம்பெனிக்கு அனுப்பாத.”

“ஏன் மாமா? நாளைக்குக் கடைசி நாள்.”

“அவன் பாடறதே கேக்கல. கிதாரும் தாளமும்தான் கேக்குது.”

பாட்டைப் போட்டுக் காட்டினாள். கணவனின் குரல் கணீரென்று வந்தது.

“அப்ப இது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?”

“இங்க கேக்குது.”

“வேற எங்க கேக்கல?”

பெரியவர் சுவரைப் பார்த்தார். “கேக்கலன்னா கேக்கல. அனுப்பாத.” போய்விட்டார்.

“என்னைக் கடைக்கு இழுக்கறதுக்கு இது ஒரு வழி,” என்றான் கணவன். “விடு, போயிடறேன். ஒட்டலன்னு குழாயை யாரும் திருப்பி அனுப்பமாட்டாங்க.”

“நீ சும்மா இரு. அவர் சொன்னது பொய்னு நிரூபிச்சுட்டுத்தான் அனுப்புவேன்.”

ஹெட்ஃபோனில் கேட்டாள். காரில் கேட்டாள். இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கிப்போய்க் குளியலறையில்கூடக் கேட்டாள். எங்கும் குரல் இருந்தது. இனிமேல் அவர் வாயைத் திறக்க இடமே இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில், இடது வலது இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரில் விடும் பொத்தானையும் அழுத்தினாள்.

கிதார் வாசித்தது. தாளம் தட்டியது. கணவனைக் காணோம்.

பெட்டியைத் திறந்தாள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இருந்த இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒன்றை எப்போதோ யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதில் மட்டும் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் தலைகீழ். ரெசிஸ்டரைக்கூட நம்பாமல் அளந்தவள், நிறத்தை நம்பிவிட்டாள். ஒரு பக்கம் தள்ளும்போது மறு பக்கம் இழுத்தது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்ததும் இரு பக்கமும் சமமாக வந்து நடுவில் நிற்கும் குரல் அழிந்துபோனது. ஓரத்தில் நின்ற வாத்தியங்கள் தப்பித்துக்கொண்டன. நண்பர் கண்மூடி ரசித்த மிதப்பும் இந்தக் கோளாறுதான்.

வயரை மாற்றினாள். மறுபடி பதிவு செய்து, பொத்தானை அழுத்தியும் கேட்டுவிட்டு, கம்பெனிக்கு அனுப்பினாள். பெரியவரிடம் ஒப்புக்கொள்ளாமல் சோறு இறங்காது என்று தோன்றியதால், காலையில் கடைக்கு நடந்தாள்.

தெரு திரும்பும்போதே பாட்டு கேட்டது. கடை வாசலுக்கு மேலே ஒரே ஒரு ஸ்பீக்கர். அதில் அவள் நேற்றுக் குழுவில் போட்ட பதிவு, குரல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கல்லாவில் நின்ற பெரியவர், குழாயும் கையுமாக நின்ற வாடிக்கையாளரை ஒரு விரலைத் தூக்கி நிறுத்தினார்.

“இருங்க சார். இந்த இடத்துலதான் என் தம்பி வருவான்.”

“வரலையே.”

“நேத்துலேருந்து வரல. அவன் பொண்டாட்டி பார்த்துக்கிட்டிருக்கா. அவ விடமாட்டா.”

சொல்லிவிட்டு, தம்பி பாட வேண்டிய வரியைத் தானே பாடினார். சுருதிக்குக் கிட்டத்தில்கூடப் போகவில்லை. அடுத்த வரியையும் பாடினார்.

இன்ஜினியரம்மா உள்ளே போகவில்லை. தெருவில் நின்றபடியே புதிய பதிவைக் குழுவில் போட்டாள்.

அன்று குழாய் வாங்க வந்த எல்லோருக்கும், தம்பி பாடி முடித்த பிறகுதான் பில் போடப்பட்டது.