மேஜை ஆடுது!

“கை நடுங்கிச்சுன்னா அத்தோட நிறுத்திட்டு இறங்கிடணும். நடுங்குற கையோட யாரும் இங்கே வகுப்பெடுக்க முடியாது.”

முன்வரிசையிலிருந்து தேர்வாளர் அம்மாள் சொன்னார். அவருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை.

மேடையில் நின்றவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இகெபானா, அதாவது ஜப்பானிய முறைப் பூ அலங்காரம். போன தடவை இதே செய்முறைத் தேர்வில் கை நடுங்கித்தான் தோற்றாள். இன்றும் தோற்றால் மறு வாய்ப்பு கிடையாது. பேசி வைத்திருந்த ஆசிரியை வேலையும் கை நழுவிவிடும்.

பக்கத்தில் கிளை எடுத்துக் கொடுக்க நின்றவள் அவளுடைய மூத்த ஓரகத்தி. வகுப்பில் முதலில் சேர்ந்தவள் அவள்தான். தேர்வுக்கு முந்திக்கொண்டவளோ இளையவள். ‘பொறாமை இருக்காதா பின்னே?’ என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

“அக்கா, அந்தப் பெரிய கிளை…”

“இந்தா. அவங்க ஒண்ணும் உன்னைக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க. மூச்சு விடு.”

கிண்ணத்தின் அடியில் ஊசித்தட்டு. அதில் கிளையைச் சாய்வாகக் குத்தி நிறுத்த வேண்டும். இலையில்லாத மெல்லிய கிளை. விரலில் துளி நடுக்கம் வந்தாலும் நுனி ஊருக்கே சொல்லிவிடும்.

நுனி படபடத்தது.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா மேஜை ஆட வேண்டும்? கிண்ணத்துத் தண்ணீர் தளும்பி வழிந்தது.

திரும்பினாள். ஓரகத்தி பூக்களைப் பிரிக்கிற சாக்கில் இடுப்பால் மேஜையை முட்டிக்கொண்டிருந்தாள்.

“தள்ளி நில்லுங்கக்கா!” பல்லைக் கடித்தாள்.

அவள் காதிலேயே வாங்கவில்லை. அடுத்த கிளைக்கும் முட்டினாள். அதற்கடுத்த பூவுக்கும்.

“ஏம்மா, மேஜை ஆடுது! அறிவிருக்கா உனக்கு?” தேர்வாளர் கத்தினார்.

“நல்லா வாய்ச்சாங்க உதவிக்கு!” என்றது ஒரு குரல். அரங்கமே சிரித்தது.

ஒருவழியாகக் கடைசிப் பூவை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள். கிளை சரியவில்லை.

தேர்வாளர் மேடையேறி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இவ்வளவு ஆட்டத்துலயும் கோணாம நிறுத்திட்டியே, கெட்டிக்காரி! தேறிட்டே.” பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினார். “நீ இனிமே இந்த மேடைப் பக்கமே வரக் கூடாது. தேர்வுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

“சரிங்க.”

திரைக்குப் பின்னால் போனதும் இளையவள் வெடித்தாள். “என்னைத் தோற்கடிக்கத்தானே முட்டினீங்க? உங்களுக்கு அப்படி என்ன பண்ணிட்டேன் நான்?”

ஓரகத்தி ஈரப் புடவையைப் பிழிந்தபடி சொன்னாள்:

“போடி அசடு! மேஜை ஆடாம இருந்திருந்தா, ஆடினது உன் கைன்னு தெரிஞ்சிருக்குமே.”