கைவிட

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நான்கு நாற்காலிகள் ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைந்திருக்கின்றன. மகள் காலாட்டினால் அம்மாவும் சேர்ந்து ஆடுகிறாள். உள்ளே தம்பி. ஒரு மணி நேரம் என்றார்கள், இரண்டு ஆகப்போகிறது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. மகளின் மடியில் சிறுவர் பிரார்த்தனைப் புத்தகம், போன வாரம் தம்பி ஜூஸைக் கொட்டிய புத்தகம். இப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றிருக்கிறாள். விரல் முன்னே போக, குரல் பின்னால் நொண்டுகிறது. "கட...வுள்... உன்னை... ஒரு... நாளும்... கை...வி...ட..." பக்கம் முடிந்துவிடுகிறது. "மேல படி, கண்ணு." "அடுத்த பக்கம் ஒட்டிக்கிச்சும்மா. எல்லாம் உன் செல்லப் பிள்ளை பண்ண வேலை." "மாட்டார்னு இருக்கும்டி." "நீ சொல்லாத! பார்க்காமலே சொல்ற. நானேதான் படிப்பேன்." காலையில் வார்டில் பக்கத்துக் கட்டில்காரி போனில் அழுதது அம்மாவின் காதிலேயே நிற்கிறது: டாக்டருங்க கைவிட்டுட்டாங்க. மகள் தாள்களுக்கு நடுவே நகத்தை நுழைக்கிறாள். மெல்லக் கிழியும் ஓசை. "பார்த்துடி, எழுத்து போயிடப்போகுது." சிவப்பு விளக்கு அணைகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் முகக்கவசத்தை இறக்குகிறாள். அம்மா எழுந்திருக்கவில்லை. அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. பார்வை தாளிலேயே கிடக்கிறது. "ஏம்மா..." என்கிறாள் நர்ஸ். "கொஞ்சம் இருங்கக்கா," என்கிறாள் மகள், நிமிராமலே. "இன்னும் ஒரு வார்த்தைதான் இருக்கு."