உப்பில்லாச் சோறு

“தட்டைக் கழுவி வைக்கிற பேயை இப்பதான் கேள்விப்படறேன்,” என்றாள் சிட்டு, கைபேசியில் வீடியோ எடுத்தபடியே.

“கழுவி மட்டுமா? பின்படியில கவுத்து வச்சு, மேல ஒரு பூவும் வச்சுட்டுப் போகும்,” என்றாள் சாவியம்மா, கொஞ்சமும் அசராமல். அந்தப் பழைய மாளிகையைச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் வந்த பெயர் அது.

சிட்டுவுக்குக் கல்லூரி விடுமுறை. பேய் உலவுவதாகப் பேர்பெற்ற பழைய இடங்களுக்குக் குடும்பத்தோடு காரில் ஒரு சுற்று என்பது அவள் போட்ட திட்டம். போகிற இடத்தில் எல்லாம் பேயின் குட்டை உடைத்து வீடியோ போடுவது அவளுக்குப் பொழுதுபோக்கு, பெருமை, எல்லாம். கோட்டையில் அழுத பேய், உடைந்த குழாய்க்குள் புகுந்த காற்று. மூடிக்கிடந்த சிறைச்சாலையில் நடமாடிய பேய், கூரைக்குள் குடித்தனம் நடத்திய ஆந்தைகள்.

இந்த மாளிகை மட்டும் அம்மா கேட்டது. பல்லியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறி நிற்கிற அம்மா, இங்கே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அமைதியாக உள்ளே நுழைந்தாள். அப்பா மாடிவரை போய்விட்டுக் கண் சிவக்க இறங்கி வந்தார். கேட்டால் தூசியாம்.

சாவியம்மாவுக்குக் கதை சொல்ல அலுக்கவில்லை. அவள் கல்யாணமாகி வந்த புதிது. கணவன் இங்கே காவல்காரன். மாமியாரோடு வாசலோரத்து வீட்டில் குடியிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில், பூட்டிக்கிடந்த மாடியில் விளக்கு நகர்ந்தது. மாமியாருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பேய்க்குச் சோறு வைத்தால் நம்மை ஒன்றும் செய்யாது என்று அவளிடம் சொல்லி, சாவியம்மாதான் தினமும் பொழுது சாய்வதற்குள் ஒரு தட்டைப் பின்படியில் வைத்துவிட்டு வருவாளாம்.

“தட்டு நிறையக் குவிச்சு வைப்பேன். பேய்க்கு உப்பு ஆகாது பாரு, அதனால உப்பில்லாச் சோறுதான். அதையும் மாமியார் வாயில போட்டுப் பார்த்துட்டுத்தான் விடுவாங்க. மாங்காக் கீத்து வச்சா மட்டும் ஒரு துண்டு மிஞ்சாது.”

ஒரு நாள் வேன் நிறைய முரட்டு ஆட்கள் யாரையோ தேடிக்கொண்டு வந்தார்களாம். வீட்டைத் திறந்து காட்டு என்று அதட்டினார்களாம். “பேய் இருக்குன்னேன். தைரியம் இருக்கிறவங்க போய்ப் பாருங்கன்னு சாவியை நீட்டினேன். மீசையை முறுக்கினவங்க ஒருத்தன்கூடக் கை நீட்டலையே,” என்று சிரித்தாள்.

சிட்டுவுக்கு இதைவிட நல்ல தீனி வேண்டுமா? “ஆன்ட்டி, சோறு திங்குது, தட்டு கழுவுது, பூ வைக்குது. இது பேயே இல்ல. எவனோ உள்ள ஒளிஞ்சுக்கிட்டு உங்க தலையில நல்லா மிளகா அரைச்சிருக்கான்.”

சாவியம்மாவின் சிரிப்பு அடங்கியது. “இருந்துட்டுப் போகட்டும் பாப்பா. அதை மட்டும் வெளிய போட்டுடாத. பேயைப் பார்க்கத்தான் ஜனம் வருது. பேய் இல்லைன்னு ஆயிட்டா இந்த வீட்டை இடிச்சுடுவாங்க. எனக்கு வேற போக்கிடம் இல்ல.” சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தேநீர் போட உள்ளே போனாள்.

“அழிச்சுடு,” என்றாள் அம்மா.

“நான் உண்மையைத்தானேம்மா சொல்றேன்? அவங்க ஏமாந்திருக்காங்க.”

“ஏமாந்தா ஏமாந்துட்டுப் போகட்டும். அந்தச் சோறு வீணாப் போகல.”

அம்மாவின் குரலில் இருந்த கண்டிப்பு சிட்டுவுக்குப் புதிது. முணுமுணுத்துக்கொண்டே காருக்குப் போனாள். அங்கே அப்பாவிடம் நியாயம் கேட்டாள். வழக்கமாக ஸ்டியரிங்கைத் தொட்டாலே சுருதி விலகிப் பாடத் தொடங்கும் அவர், சும்மா உட்கார்ந்திருந்தார். “உங்கம்மாவையே போய்க் கேளு,” என்பதோடு முடித்துக்கொண்டார்.

கேட்டுவிடுவது என்று கைபேசியும் கையுமாக அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். இரண்டில் ஒன்று தெரிய வேண்டும். இதைப்போல ஒரு வீடியோ இனி அவளுக்கு அமையாது.

அம்மா தேநீர் குடித்த டம்ளரைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதைப் பின்படியில் கவிழ்த்து வைத்தாள். மதிலோரக் கொடியிலிருந்து மஞ்சள் பூ ஒன்றைப் பறித்து அதன்மேல் வைத்தாள்.

கதவோரம் நின்ற சாவியம்மா பூவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு சிட்டுவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“மாங்கா கேட்டது இவதானா?”

சிட்டுவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் கட்டைவிரல் தானாகவே போய் அந்த வீடியோவை அழித்தது.

அம்மா, சாவியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “பேய்னு நினைச்சுக்கிட்டே எங்க மூணு உசுரையும் காப்பாத்திட்டீங்கக்கா. எனக்கு ஒரே ஒரு குறைதான். சோத்துல ஒரு சிட்டிகை உப்பு போட்டிருக்கலாம்.”

சாவியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “போடத்தான் கை துடிச்சுது. ஆனா போட்டிருந்தா, மேல இருக்கிறது பேய் இல்ல, காதலிச்சு ஓடிவந்த பிள்ளைங்கன்னு என் மாமியாருக்கும் தெரிஞ்சு போயிருக்குமே!”