கால் முளைக்காத தலைப்பிரட்டைகள்

சாக்குக்குள் பூனை திமிறிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்து வீட்டு வாசலில் நின்று கத்தினான் சன்னாசி.

"அக்கா! திருடனப் பிடிச்சிட்டேன். கம்போங் குவாந்தான் ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி விட்டுட்டு வரப்போறேன்!"

நல்லம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். "ஐயோ தம்பி, அதுக்குத் தண்ணின்னாலே பயம் லா! தூறல் விழுந்தா அடுப்படிய விட்டு வெளிய வராது. அதுவா உங்க பேசின்ல கைய விடும்?"

"பின்ன யாரு? தலைப்பிரட்டை நாளுக்கு நாள் குறையுது. அதுவும் பெருசா இருக்கிறதாப் பாத்துப் போவுது!"

நல்லம்மாள் சாக்கைப் பிடுங்கி உதறினாள். பூனை ஒரே பாய்ச்சலில் தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரையேறி மறைந்தது. சன்னாசி வெறும் கையோடு வீடு திரும்பினான்.

எல்லாம் மகள் ரமணிக்காகத்தான். எட்டு வயது. தோட்டத்து டிராக்டரின் பின்னால் தொற்றப்போய் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டாள். செய்தி வந்தபோது லோரி ஓட்டும் சன்னாசி தொலைவில் ஜொகூரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். மாதத்தில் ஓரிரு இரவுதான் அவன் வீட்டில் தங்குவான். அன்றைக்கு ஓடி வந்தவன் அதற்குப் பிறகு லோரியைத் தொடவில்லை. காலை வேளையில் தோட்டத்தில் கிடைக்கிற கூலி வேலை, மீதி நேரமெல்லாம் மகள் பக்கத்தில்.

மாவுக்கட்டைப் பிரித்து வாரக்கணக்காகிவிட்டது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியும் ரமணி காலைத் தரையில் ஊன்ற மறுத்தாள். தூக்கி நிறுத்தினால் "வலிக்குதுப்பா" என்று அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

புக்கிட் ரோத்தானில் ஒரு சீனர் சிமெண்டுத் தொட்டி கட்டி, கறிக்காக மாட்டுத் தவளை வளர்த்துக்கொண்டிருந்தார். எண்பதுகளில் அந்தப் பக்கம் அது ஒரு புது மோகம். அவரிடம் கேட்டு, கட்டைவிரல் பருமனில் கொஞ்சம் தலைப்பிரட்டைகளை வாங்கி வந்தான் சன்னாசி. புழக்கடைக் குழாயடியில் பெரிய பேசினில் விட்டான்.

"இதுங்களுக்குக் கால் முளைக்கிற அன்னிக்கு நீயும் எந்திரிச்சு நடக்கணும். சரியா?"

ரமணி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அதுகள்மேல் அவளுக்கு உயிர். சாயங்காலம் பேசினை அவள் பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் போதும், வெந்த கீரையைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவாள். தொப்பை பெருத்த ஒன்றுக்குத் தோட்டத்துக் கணக்கரைப்போல் கிராணி என்று பெயர் வைத்தாள். கங்காணி மாதிரி மற்றதை எல்லாம் விரட்டிக்கொண்டு திரிந்தது மண்டோர்.

ஆனால் கால் மட்டும் முளைக்கவில்லை. மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றிப் பார்த்தான். வெயிலில் வைத்தான், நிழலில் வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. சீனரிடம் போய்க் கேட்டால் அவர் சிரித்தார். "எல்லாம் ஒரே முட்டைதான் லா. என் தொட்டியில பாரு, எப்பவோ குதிக்குது!"

இதற்கிடையில் லோரி முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை வராவிட்டால் வண்டி வேறொருவனுக்கு.

"நான் ஒருத்தி செம்பனைக் காட்டுல புல்லு வெட்டி எத்தன நாளைக்கு ஓட்டுறது?" என்றாள் மனைவி வேலம்மா. "அவள அதட்டி நடக்க வைங்க. இல்ல, அப்படியே விட்டுட்டு வேலைக்குக் கிளம்புங்க."

அன்று மாலை மகளின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் ஒரு பச்சைப் புல் ஒட்டியிருந்தது. "வீட்ட ஒழுங்காக் கூட்டுறதில்ல, பாயெல்லாம் குப்ப" என்று மனைவியைத் திட்டிக்கொண்டே அதை எடுத்து எறிந்தான்.

"ரமணி, ஒரே ஒரு தடவ நின்னு பாரேன்மா. அப்பா பிடிச்சுக்கிறேன்."

"இன்னும் அதுங்களுக்குக் கால் வரலையேப்பா."

அவ்வளவுதான், இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. "வராது! அந்தச் சனியனுங்களுக்குக் கால் வரவே வராது! நீயும் எந்திரிக்கப் போறதில்ல! ரெண்டு பேரும் சேந்து என்னைப் பைத்தியமாக்கப் போறீங்க!"

ரமணி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவன் எண்ணெய்க் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு முடிவுக்கு வந்தான். நடக்காத பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? லோரி போனால் போகட்டும். முதலாளிக்குப் போன் செய்து சொல்லிவிட நினைத்து ஜாபர் கடைக்குப் புறப்பட்டான். வேலம்மா காட்டில் இருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி நல்லம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

கடை அடைத்திருந்தது. ஜும்மா தொழுகை நேரம் என்பதை மறந்தே போயிருந்தான். தன்னையே நொந்துகொண்டு, வெயிலுக்குப் பயந்து மரங்களுக்கு ஊடாகப் புழக்கடை வழியாகத் திரும்பி வந்தான்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த வாய்க்கால் கரையில் ரமணி நின்றுகொண்டிருந்தாள்.

யாரையும், எதையும் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தாள். மெல்லக் குனிந்து, குவித்த கைகளைத் தண்ணீருக்குமேல் திறந்தாள். வால் இன்னும் உதிராத ஒரு குட்டித் தவளை, புதிதாய் முளைத்த கால்களை உதைத்துக்கொண்டு நீருக்குள் போனது.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். விந்தாமல், தடுமாறாமல் குழாயடி வரைக்கும் நடந்து வந்தவள், அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

சன்னாசி அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். "ஏம்மா... ஏன் இப்படிப் பண்ணுன?"

ரமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் நடந்தா, நீங்க லோரிக்குப் போயிடுவீங்களேப்பா."