பட்டையில் சிவப்பு

ஐ.டி.ஐ.யில் நான் எலெக்ட்ரீஷியன் பிரிவு வாத்தியார். இங்கே எதைத் தொடுவதானாலும், ஒரு ஸ்க்ரூடிரைவரானாலும், முதலில் நிர்வாகம் எங்கள் எல்லோர் மணிக்கட்டிலும் கட்டிவிட்ட பட்டையைப் பார்க்க வேண்டும். பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும்.

நேற்று லேபில் என் மாணவன் தமீமுக்கு ஷாக் அடித்தது. கம்பியிலிருந்து கையை எடுக்க முடியாமல் துடித்தான். மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் பட்டையைப் பார்த்தேன். சிவப்பு. நின்றேன்.

பின்னாலிருந்து அதே வகுப்பு ரோசாலி ஓடிவந்து, என்னை இடித்துத் தள்ளிவிட்டு மெயினை இறக்கினாள். தமீம் பிழைத்தான்.

"பட்டையில என்ன சார் பார்த்தீங்க? அவன் செத்துக்கிட்டிருந்தான் சார்!" என்று கத்தினாள்.

ஷாக் அடித்தால் முதலில் மெயினை இறக்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அனுமதியில்லாமல் சுவிட்சைத் தொட்டதற்காக இன்று அவளை நீக்கிவிட்டார்கள். விதியை மீறாமல் நின்றதற்காக எனக்குப் பாராட்டுப் பத்திரம்.

த்தூ! இதெல்லாம் ஒரு பிழைப்பா? அந்தப் பத்திரத்தைப் பிரின்சிபால் மூஞ்சியிலேயே கிழித்தெறியப் போகிறேன் என்று விறுவிறுவென்று போனேன். அவர் அறைக் கதவில் கை வைக்கப் போகும்போது பட்டை சிவந்தது.

நின்றுவிட்டேன்.